உப்புப் போடுற கை யாருடையது?

எங்கள் வயதுக்காரரிடம் ‘செல்ப் கெயார்’ என்று சொன்னால் முகத்துக்குப் பூசுகிற கிறீம், ஒருநாள் லீவு, போனை ஓப் பண்ணிவிட்டு நல்ல நித்திரை என்றுதான் நினைவுக்கு வரும். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். அங்கே அதைச் ‘சுயபராமரிப்பு’ என்று எழுதுகிறார்கள். விடிய எழும்பி நிறை பார்ப்பது, காலை அமத்திப் பார்ப்பது, கறிக்கு உப்பைக் குறைப்பது, குளிசையை நேரத்துக்குப் போடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். இதயம் பலவீனமான ஒருவர் இவற்றை விட்டுவிட்டால், சில நாட்களிலேயே மூச்சு முட்டி, இரவில் படுக்க முடியாமல், திரும்பவும் வோட்டுக்கு வந்துவிடுவார்.

நாங்கள் மூன்று பேர், வடக்கில் தாதியப் பயிற்சியில் இருக்கிறோம். மருத்துவ வோட்டிலும் கிளினிக்கிலும் எங்களுக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று, இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் வீட்டுக்குப் போகமுதல் அவர்களோடு இருந்து கதைப்பது. அந்தக் கதைகளில் இருந்து எங்களுக்கு விளங்கிய சிலதை இங்கே எழுதுகிறோம். ஆட்கள் யாரென்று தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதல் பிரச்சினை அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. ‘இதயச் செயலிழப்பு’ என்று கேட்டவுடன் சனம் நினைப்பது இதயம் நின்றுபோனதாக. ஒரு ஐயா கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேட்டார்: “பிள்ளையள், இருதயம் பெயில் எண்டு எழுதிக்கிடக்கு. ஓ.எல். மாதிரி இதைத் திருப்பி எடுக்கேலாதே?” சிரித்துவிட்டு, அவருக்குத் தெரிந்த தோட்டத்தை வைத்தே சொன்னோம். கிணற்று மோட்டர் நிற்கவில்லை, இழுக்கிற பலம் குறைந்துவிட்டது. அதனால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. போகவேண்டியது போகாமல் பின்னுக்குத் தேங்கும். உடம்பில் அது காலில் வீக்கமாகவும் நெஞ்சுக்குள் இளைப்பாகவும் தெரியும். ஐயா யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப மோட்டரைப் பாத்துப் பாவிக்க வேணும். கண்டபடி லோட் குடுக்கக் கூடாது.” அதற்குப் பிறகு உப்பு ஏன் கூடாது என்று அவருக்கு நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், தண்ணீர் கூடினால் மோட்டருக்கு வேலை கூடும் என்று அவரே கோத்துக்கொண்டார்.

எங்களிடம் ஒரு தாள் இருக்கிறது. ‘சோடியம் உட்கொள்ளலை மட்டுப்படுத்தவும். உடல் நிறையை அன்றாடம் கண்காணிக்கவும். அறிகுறிகள் தோன்றின் வைத்தியரை நாடவும்.’ ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் அந்தத் தாள் ஒரு வீட்டுக்குள் போய் நுழையும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கதை.

உப்பை எடுங்கள். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. ஒரு தேக்கரண்டி மட்டு. ‘உப்புக் கூடவோ குறையவோ?’ என்று கேட்டால் எல்லாரும் ‘குறையத்தான்’ என்பார்கள். அதனால் நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. “நேற்று விடிய என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று தொடங்குவோம். பாணும் சம்பலும். மத்தியானம் சோறு, கீரை, பொரிச்ச கருவாடு, ஒரு பப்படம். பின்னேரம் பிளேன்டீயும் மிக்சரும். இரவு இடியப்பம், சொதி, மகள் சூப் கட்டி போட்டு வைத்த கறி. கரண்டியால் போடுகிற உப்பை மட்டும்தான் ஆட்கள் உப்பென்று கணக்கெடுக்கிறார்கள். பாணுக்குள், ரின்மீனுக்குள், ஊறுகாய்க்குள், மோர்மிளகாய்க்குள் இருப்பது கணக்கில் வராது. ‘நாங்கள் இந்துப்புத்தானே பாவிக்கிறம்’ என்பவர்களும் உண்டு. இந்துப்பும் உப்புத்தான், அதிலும் பெரும்பங்கு சோடியம் குளோரைட்டுத்தான். ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கிற சில உப்புகளில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன், லோசார்ட்டன் போன்ற குளிசை போடுகிறவர்களுக்கு அது ஆபத்தாகக்கூட முடியலாம். வைத்தியரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

ஆனால் இவ்வளவையும் யாருக்குச் சொல்கிறோம்? கட்டிலில் இருக்கிற ஐயாவுக்கு. அவர் ஆயுளில் ஒருநாளும் உலை வைத்ததில்லை. உப்புப் போடுகிற கை வீட்டில் நிற்கிறது. அந்தக் கையை ஒருவரும் கிளினிக்குக்குக் கூப்பிடுவதில்லை.

நோயாளி ஒரு அம்மா என்றால் கதை மறுவளமாக இருக்கும். சமைக்கிறது அவதான், ஆனால் ருசி சொல்கிறது மற்றவர்கள். மூன்றாம் முறை வீங்கிய காலோடு வந்த ஒரு அம்மாவைப் பற்றி ‘சொல்லுக் கேக்கிறேல்லை’ என்றார்கள். அவ எங்களிடம் சொன்னது இது: “நான் குறைச்சுத்தான் போட்டனான் பிள்ளை. இவர் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போட்டார். ரெண்டு நாள் பாத்தன். பிறகு பழையபடி போட்டன்.” சோடியத்தைப் பற்றி அவவுக்கு இன்னொரு விளக்கம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ஒரு வழி. உப்புப் போடமுதல் தன் பங்கை ஒரு சின்னச் சட்டியில் வேறாக எடுத்து வைப்பது. அதுக்குத் தேசிக்காய்ப்புளி, மிளகு, உள்ளி, கறிவேப்பிலை. இரண்டு சமையல் இல்லை, ஒரே சமையலில் இரண்டு சட்டி. இதைச் சொன்னபோது மனுசனும் பக்கத்தில் இருந்தார். அவர் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் பார்வையாளர் நேரம் வரை பொறுத்திருந்தோம்.

குளிசைக் கதையும் இப்படித்தான். தேங்கிய தண்ணீரை வெளியேற்றும் பிரூசமைட்டை எங்கள் பக்கத்தில் ‘சலம் போற குளிசை’ என்பார்கள். போட்டுச் சில மணித்தியாலத்துக்கு அடிக்கடி போகவேண்டி வரும். கிளினிக் நாளில் விடியவே பஸ் ஏறி, வந்து வரிசையில் நின்று, மருந்து எடுத்து வீடு போய்ச் சேர மத்தியானம் தாண்டும். வழியில் ஒரு பெண் போகக்கூடிய சுத்தமான ரொயிலற் எத்தனை? ஆகவே கிளினிக் நாள், கோயில் நாள், கலியாண நாள் எல்லாம் அந்தக் குளிசைக்கு லீவு. அந்த அம்மாவும் அப்படித்தான் செய்திருக்கிறா. வைத்தியரிடம் கேட்டபோது, பயண நாட்களில் வீடு திரும்பியதும் போடலாம், தவறவிட வேண்டாம் என்றார். ஒரு வசனம்தான். ‘ஏன் போடேல்லை?’ என்று அதட்டாமல், ‘எந்த நாளில போடக் கஷ்டமா இருக்கு?’ என்று கேட்டதால்தான் அந்த வசனம் கிடைத்தது. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுப் பழகியவர்களும் இருக்கிறார்கள். முழங்கால் உளைவுக்குப் பார்மசியில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கும், இதயம் பலவீனமானவர்களுக்குக் கூடாது. கேட்டால்தான் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை அது இதய மருந்து இல்லையே.

நிறை பார்ப்பது இன்னொன்று. மூன்று நாளைக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு இல்லை, தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, இரண்டு பெரிய போத்தலை உடம்புக்குள் காவித் திரிவது மாதிரி. கால் வீங்கமுதலே, இளைக்கமுதலே தராசு இதைச் சொல்லிவிடும். ஆனால் தராசு எங்கே? தோட்டக்கார ஐயா கண்டுபிடித்த வழி எங்களுக்குத் தோன்றியிருக்காது. பக்கத்து வளவில் வெங்காயம் வாங்கி விற்கிறவரிடம் மூட்டை நிறுக்கிற டிஜிட்டல் தராசு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் விடிய, சலம் போன பிறகு, தேத்தண்ணி குடிக்கமுதல், சாரத்தோடு போய் அதில் ஏறி நிற்கிறார். தராசு கொஞ்சம் கூடக்குறையக் காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் அதே தராசாக இருந்தால் போதும். கணக்கைக் கொப்பியில் எழுதுவது ஏழாம் வகுப்புப் படிக்கிற பேத்தி. தராசே கிடைக்காதவர்களுக்குச் செருப்பு வார் பதிகிறதா, மோதிரம் இறுகுகிறதா, ஒரு தலையணியில் படுத்தவருக்கு இப்போது இரண்டு தேவைப்படுகிறதா என்று பார்க்கச் சொல்கிறோம்.

சரி, ஏறிவிட்டது. இனி யாருக்குச் சொல்வது? அடுத்த கிளினிக் ஒரு மாதம் கழித்து. தாளில் ‘வைத்தியரை நாடவும்’ என்று இருக்கிறதே தவிர, எந்த வாசலால் போவது என்று இல்லை. எங்கள் வோட் சிஸ்டர் இதற்கு ஒரு வேலை செய்தா. கொப்பியின் பின் அட்டையில் இரண்டே வரி எழுதிக் கொடுக்கச் சொன்னா. நிறை ஏறினால், கால் வீங்கினால், படுக்க இளைத்தால்: திகதிக்குப் பார்த்திராமல் கொப்பியோடு ஓபிடிக்கு வரவும். இருந்தபடியே மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், மயங்கினால்: 1990 க்கு அடிக்கவும், அம்புலன்ஸ் இலவசம்.

இந்தத் துறையில் ரீகல், ஜார்ஸ்மா, ஸ்ட்ரோம்பேர்க் என்ற மூன்று தாதியியல் ஆய்வாளர்கள் 2012 இல் சுயபராமரிப்பை மூன்றாகப் பிரித்து எழுதினார்கள்: உடம்பைப் பேணுவது, மாற்றத்தைக் கவனிப்பது, மாற்றம் வந்தால் அதற்கேற்ப நடப்பது. எங்கள் தாள்கள் முதலாவதைப் பற்றித்தான் நிறையப் பேசுகின்றன. மூன்றாவதில்தான் சனம் தனியாக நிற்கிறது.

சொன்னது விளங்கியதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும். ‘விளங்கினதோ?’ என்று கேட்டால் வெள்ளை உடுப்பைப் பார்த்து எல்லாரும் ‘ஓம் மிஸ்ஸி’ என்பார்கள். “வீட்ட போய் மகளுக்கு இதை எப்பிடிச் சொல்லுவீங்கள்?” என்று கேட்க வேண்டும். அவர்கள் தங்கள் சொல்லில் சொல்லும்போது எது போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்று தெரிந்துவிடும். சேராவிட்டால் அது அவர்களுடைய பிழை இல்லை. இன்னொரு விதமாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த ஒரு ஐயா எங்கள் வோட்டில் செத்துப்போனார். நிறைக் கொப்பி நாள் தவறாமல் எழுதியிருந்தது. குளிசை தப்பவில்லை. இதயம் அதற்கு மேல் தாங்கவில்லை. வெளியில் நின்ற மருமகள் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டா: “போன கிழமை மரக்கறிக்குக் கொஞ்சம் உப்புக் கூடிப்போச்சு தங்கச்சி. அதாலயோ?”

இல்லை அக்கா, அதால இல்லை என்றோம். சிஸ்டரும் வந்து அவவின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னா. ஆனாலும் அந்தக் கேள்வி எங்கள் மூன்று பேரையும் விட்டுப் போகவில்லை. ‘உங்கட உடம்பு உங்கட கையில’ என்று சொல்லிக் கொடுக்கும்போது, உடம்பு கைவிட்டால் அது உங்கள் குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்துவிடலாம். சமைக்கிறவர்கள், காவல் இருக்கிறவர்கள், அதிலும் பெண்கள், அந்தக் குற்றத்தை ஆயுள் முழுக்கச் சுமப்பார்கள். சுயபராமரிப்பு நோயை மாற்றாது. மூச்சு முட்டாத நாட்களைக் கூட்டும், வோட்டுக்கு வருகிற நாட்களைக் குறைக்கும். அதுவே பெரிய காரியம். அதைச் செய்கிறது ஒரு ஆளும் இல்லை: சமைக்கிற மருமகள், கொப்பி எழுதுகிற பேத்தி, தராசுக்காரர், கோப்பையைத் தள்ளாமல் சாப்பிடுகிற மனுசன் எல்லாரும் சேர்ந்துதான்.

இதை வாசிக்கிறவர்களில் பலருடைய வீட்டில் கிளினிக் கொப்பி ஒன்று இருக்கும், அலுமாரிக்கு மேலே சொப்பிங் பைக்குள். இந்தச் சனி ஞாயிறு அதை எடுத்துப் பாருங்கள். அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் குளிசை போடக் கஷ்டமா இருக்கு? இப்ப எத்தனை தலையணி? இரவில மூச்சு முட்டினா முதல் யாரைக் கூப்பிடுவீங்கள்? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால், பின் அட்டையில் உங்கள் நம்பரை எழுதிவிடுங்கள். பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமல் வாசிக்கக்கூடியதாக.