ஜமக்காளம்

நெய்வேலியில் ஒரு சங்கீத சபாவின் ஆண்டு விழாவில் பேச அழைத்திருந்தார்கள். சற்று முன்னதாகவே போய்விட்டேன். மண்டபத்தில் ஒருவர் மட்டும் குனிந்து ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தார்.

"காரியதரிசி எங்கே அய்யா?" என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

"நான்தான் ஸார். ராத்திரி ஷிப்ட். தூங்கி எழுந்து வர நேரமாயிடுச்சு, மன்னிக்கணும்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அதை மறைக்க, சுரங்கத்தில் என்ன வேலை என்று விசாரித்தேன். பம்பு செட் பக்கம் என்றார். இங்கே கரிக்கு அடியிலிருக்கும் தண்ணீர் அழுத்தத்தோடு மேலே பீறிடப் பார்க்கும். இராப் பகலாக இறைத்தால்தான் கரி எடுக்கலாம். 1957-ல் தோண்ட ஆரம்பித்த பூமியில், 1961-ல்தான் கரி கண்ணில் பட்டது.

"சின்ன வயசிலே மிருதங்கம் கத்துக்கிட்டேன் ஸார். வேலைன்னு இங்கே வந்தேன்; கை போயிடுச்சு. சபாவாவது இருக்கட்டுமேன்னு..."

ஊர் விட்டுப் போயும் கை விடாத இன்னொரு மிருதங்க வித்வான் என் நினைவுக்கு வந்தார்: ராம்நாட் ராகவன். பாடகர் ராம்நாட் கிருஷ்ணனின் தம்பி. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக் கழகத்தில் மாணவர்களுக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுத்தவர். பிறகு கிளீவ்லாண்டுப் பக்கம் குடியேறினார். அவர் தூண்டுதலால் அங்குள்ள நம்மவர்கள் 1978-ல் தியாகராஜ ஆராதனையைத் தொடங்கினார்கள். முதல் வருஷம் ஒரு சர்ச்சின் அடித்தள அறையில், சிறு கூட்டம். திருவையாற்றில் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியன்று. பெரும்பாலும் ஜனவரியில் வரும். அப்போது கிளீவ்லாண்டில் பனி கொட்டும். ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி வைத்துக்கொண்டார்கள்; பஞ்சாங்கமும் கொஞ்சம் விட்டுக் கொடுத்தது. ராகவன் மறைந்த பின்னும் அது ஆண்டுதோறும் நாள் கணக்கில் நடக்கிறது.

வித்வான் கப்பலேறினால் சங்கீதமும் கூடவே போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. போன இடத்தில் நாலு பேரைக் கூட்டி உட்கார வைக்கவும் ஒருவர் வேண்டும். ராகவன் இரண்டாகவும் இருந்தார். இந்த மனிதருக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

கச்சேரி நடந்தது. காரியதரிசி ஒரு ராகத்தையும் முழுசாகக் கேட்கவில்லை. மைக்குக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். தனி ஆவர்த்தனத்தின்போது மட்டும் தூணோடு நின்றார். விரல்கள் தொடையில் அசைந்தன.

பேசி முடித்ததும் பஸ்ஸைப் பிடிக்கும் வழக்கமுள்ள நான், அன்று மங்களம்வரை இருந்தேன். ஜமக்காளத்தின் ஒரு முனையை நானும் பிடித்து மடித்தேன். கோணலாக வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல், பிரித்து மறுபடி மடித்தார்.