இல்லாத மீனுக்கு ஒரு போட்டி

தண்ணீர் இல்லாத இடத்தில் தூண்டில் போடுகிறவனைக் கண்டால் எந்த ஊரிலும் சிரிப்பார்கள். பெரியபாளையத்துக்காரர்களுக்கு அப்படிச் சிரிப்பதில் கொஞ்சம் கூடுதல் பாத்தியதை உண்டு. எங்கள் ஆரணியாறு வருஷத்தில் பெரும் பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மட்டும், "நானும் ஆறுதான், மறந்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. ஆடி மாதத்தில் பவானி அம்மனுக்கு வேப்பிலை ஆடை உடுத்திப் பிரார்த்தனை செலுத்த வருகிறவர்கள், "ஆறு எந்தப் பக்கம்?" என்று பாலத்தின் மேல் நின்றுகொண்டே கேட்பதை நான் கேட்டிருக்கிறேன்.

இப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து என் தமக்கை மகன் வாராவாரம் மீன்பிடிப் போட்டிக்குப் போய் வருகிறான். போய் வருகிறான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு உத்தியோகம். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு டம்ளர் காபியை விழுங்கிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்தானானால் கடல், கரை, தென்னை மரம், தூண்டில் எல்லாம் அவனுக்கு வந்து சேர்ந்துவிடும். வலது பக்கம் மணிலா நகரத்துக் குமாஸ்தா ஒருவர். இடது பக்கம் பிரேஸில் தேசத்து அம்மாள் ஒருத்தி. "மாமா, ஒரு மணி நேரம் கூப்பிடாதீங்க. போட்டி!" என்று எனக்கு உத்தரவாகிவிடும்.

மெய்நிகர் உலகம் என்று இதற்கு இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். ஸான் பிரான்சிஸ்கோவிலுள்ள லிண்டன் லாப் என்ற கம்பெனி 2003-ஆம் ஆண்டில் திறந்துவைத்த 'செகண்ட் லைஃப்' அவற்றில் ஒன்று. அங்கே நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம், கச்சேரி கேட்கலாம், சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம். மீன் பிடிப்பதற்கென்றே 'செவன் சீஸ்' முதலான ஏற்பாடுகள் இருக்கின்றன. தூண்டிலைப் போட்டுக் காத்திருந்தால், மீன் விழுமா, என்ன மீன் என்பதை யந்திரம் பகடை உருட்டித் தீர்மானிக்கிறது. பரிசு லிண்டன் டாலரில். ஓர் அமெரிக்க டாலருக்கு அந்த நாணயம் 200-க்கு மேல் கிடைக்கும் என்றால், பரிசின் மதிப்பை நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஜெயித்தவன் நண்பனை அழைத்துப்போய் இட்லி வாங்கிக் கொடுக்கலாம். வடைக்கு யோசிக்க வேண்டியிருக்கும்.

எல்லா உலகத்திலும் பகடையே ராஜ்யம் பண்ணுவதில்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற யுத்த விளையாட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் ஞாயிறுதோறும் பிற்பகல் 2 மணிக்கு ஒரு மீன்பிடிப் போட்டி நடக்கிறது. ஸ்ட்ராங்கிள்தார்ன் என்ற காட்டுக் கரையோரத்தில் குறிப்பிட்ட ஒரு ஜாதி மீனில் 40 பிடித்து, துறைமுகத்தில் நிற்கும் நடுவரிடம் முதலில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கண்ட இடத்தில் தூண்டில் போட்டால் அந்த மீன் வராது. கூட்டமாக மீன் துள்ளும் இடத்தைத் தேடித்தான் போடவேண்டும். நாலு பேர் மொய்த்துக்கொண்டிருக்கும் இடத்தை விட்டுவிட்டுக் கரையோரமாக நடந்துகொண்டே இருப்பவனுக்குத்தான் கூடை நிறையும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. நினைத்தவுடன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மந்திரக் கல் ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. துறைமுகத்துச் சத்திரத்தையே தன் வீடு என்று அந்தக் கல்லிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும். சொல்லாதவன் நாற்பது மீனையும் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் ஓடி வருவதற்குள், பின்னால் பிடித்து முடித்தவன் பரிசோடு நின்றுகொண்டிருப்பான்.

2020-இல் வெளிவந்த 'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைஸன்ஸ்' விளையாட்டில் மீன் போட்டிக்கு ஒரு சுற்று மூன்றே நிமிஷம். அங்கே சுறாவுக்கும் ஒரு புள்ளி, சுண்டு விரல் மீனுக்கும் ஒரு புள்ளி. மூன்று மீன் தேறினால் இரண்டு புள்ளி சேர்த்துக் கொடுப்பார்கள். ஆகவே பெரிய நிழலைப் பார்த்து நாக்கில் ஜலம் ஊறக்கூடாது. தக்கையை மீன் நாலு தடவை வரையில் முட்டிப் பார்க்கும். ஐந்தாவது தடவை நிச்சயம் கவ்வும். கண்ணை மூடிக்கொண்டு, 'தொபக்' என்ற சப்தத்தை மட்டும் நம்பி இழுப்பது நல்லது என்கிறான் என் மருமான். முட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கை பறக்குமாம்.

பிடிக்கிறவர்கள் பாடு இவ்வளவுதான். போட்டி நடத்துகிறவர்கள் விஷயம் வேறு. போன வருஷம் ஒரு நாள் காலையில் இவன் முகம் தொங்கிப்போயிருந்தது. விசாரித்தேன். ஒரு மணி நேரம் முடிகிற சமயத்தில் இவன்தான் முதல் ஸ்தானம். நடத்தியவர் திடீரென்று, "இன்னும் ஐந்து நிமிஷம் நீட்டித்திருக்கிறேன்" என்று அறிவித்தாராம். அந்த ஐந்து நிமிஷத்தில் அவருடைய சிநேகிதர் முந்திவிட்டார்.

"போனால் போகிறது, மீனே பொய்தானேடா?" என்றேன்.

"மீன் பொய்தான் மாமா. நான் தூங்காமல் உட்கார்ந்திருந்தது பொய்யா?" என்றான்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வேறொன்று ஞாபகம் வந்தது. மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தா, கச்சா, வலை, கூடை என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சுற்று வட்டாரமே வந்து கரையில் நிற்கும். விராலும் கெண்டையும் கண்ணெதிரே துள்ளினாலும் ஒருவரும் காலை நனைக்கமாட்டார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசவேண்டும். வீசிய அடுத்த க்ஷணம் கண்மாய் கொள்ளாத ஜனம். பெரியவர் தம் பிள்ளைக்காகத் துண்டை ஒரு விநாடி முன்னால் வீசினால், அடுத்த வருஷம் அவர் துண்டு அவர் தோளிலேயே இருக்கவேண்டியதுதான்.

இதைச் சொன்னேனோ இல்லையோ, அவன் தானே ஒரு போட்டி நடத்தக் கிளம்பிவிட்டான். கடைசி நிமிஷத்தை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுவது. சமமாக வந்தால் பரிசைப் பாதியாகப் பிரிப்பது. நடத்துகிறவன் தூண்டிலைத் தொடுவதில்லை. இவையெல்லாம் முதல் வாரமே ஏற்பட்டுவிட்டன. கூட்டம்தான் பெரிய தொல்லை. செகண்ட் லைஃபில் ஒரு நிலத் துண்டு 256 மீட்டருக்கு 256 மீட்டர். அதில் ஆள் சேரச் சேர யந்திரம் மூச்சு வாங்கும். மின்னும் நகை, ஆடும் வால் என்று தந்திர வேலை செய்த அலங்காரங்களை அணிந்துவந்தால் இன்னும் மோசம். மெதுவான இணைப்பு உள்ளவன் தூண்டில் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். "நகை நட்டெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்" என்று அழைப்பிலேயே போட்டான். கல்யாண வீட்டில் இப்படி எழுத முடியுமா?

அதன் பிறகும் ஒரு குறை இருந்தது. அந்த உலகத்துக் கடிகாரம் கலிபோர்னியா நேரப்படி ஓடுகிறது. ஞாயிறு மாலை அங்கே 6 மணி என்றால், கோடையில் நமக்குத் திங்கள் காலை ஆறரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் ஏழரை. ஏழரைக்கு என் மருமான் வீட்டில் இருப்பான். ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸில் இருப்பான். மணிலாக் குமாஸ்தாவுக்கோ கோடையில் அது திங்கள் காலை 9 மணி; ஆபீஸில் இருந்தாக வேண்டும்.

பழவேற்காட்டைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஆரணியாறு, தண்ணீர் இருந்தால், அந்தப் பக்கந்தான் போய்ச் சேருகிறது. பழவேற்காடு ஏரியில் மீனவர்களுக்குள் 'பாடு' என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. மீன் நன்றாக விழும் இடம் சில; வலை போடுகிறவர் பலர். ஆகவே சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். இதிலும் மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. பாட்டில் உரிமையுள்ளவர்களுக்குள்தான் நியாயம். வெளியே நிற்கிறவர்களின் முறையீடு வெகு காலமாக இருக்கிறது.

மருமான் யோசித்தான். "எங்கள் ஏரியில் நல்ல இடம்னு ஒண்ணும் கிடையாது மாமா. நல்ல நேரம்தான் உண்டு. அதைத்தான் பாடு வைக்கணும்" என்றான்.

அப்படியே செய்தான். ஒரு வாரம் அமெரிக்கர்களுக்குச் சௌகரியமான நேரம். மறு வாரம் ஐரோப்பியர்களுக்கு. அதற்கு அடுத்த வாரம் நமக்கும் மணிலாவுக்கும். அழைப்பில் நாலு தேசத்து மணியையும் போட்டான். புதிதாக வருகிறவர்களின் பெயரை மட்டும் தனியாகக் குலுக்கி ஒரு சிறு பரிசும் வைத்தான். வழக்கமாக ஜெயித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஞாயிறு விடியற்காலை 6 மணிக்கு எழுந்திருப்பதாவது என்று கோபித்துக்கொண்டு வேறு போட்டிக்குப் போய்விட்டார்கள். மணிலாக்காரர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, 9 மணிக்குச் சாவதானமாக வந்து உட்கார்ந்தாராம். பதினோராவது ஸ்தானம்.