ஓதம் ஏறும் தரை

தரையைப் பற்றி எழுதப்போகிறேன். இதில் என்ன அரசியல் என்று கேட்கும் தோழர்கள், ஐப்பசி கார்த்திகையில் ஒரு வாரம் கடலூர் மாவட்டத்துக் காலனி ஒன்றில் தங்கிப் பாருங்கள்.

நான் வளர்ந்தது சாணி மெழுகிய மண் தரையில். அடைமழை தொடங்கினால் தரை அடியிலிருந்தே நனையும். கூரை ஒழுகாத மூலையில்கூட பாய் ஈரமாகிவிடும். அம்மா சாம்பலைத் தூவி, மேலே உரச் சாக்கைப் பிரித்துப் போட்டு எங்களைப் படுக்கவைப்பார். பிறகு தொகுப்பு வீடு வந்தது. சிமெண்டுத் தரைதான், ஆனால் சில வருடங்களில் அதிலும் ஓதம் ஏறி, சுவரோரம் உப்புப் பூத்து, தரை பொரிந்துபோனது.

இரண்டு வருடம் முன்பு சேமிப்பையும் கடனையும் சேர்த்து அந்த வீட்டை இடித்துக் கட்டினோம். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பளபளப்பான டைல்ஸ். "உனக்கு முட்டிவலி, வழுக்கிடும்மா. சிமெண்டே போதும்" என்றேன்.

"இருபது வருஷம் ஊர்ல ஒரு டீச்சர் வீட்டு மொசைக்கைத் துடைச்சேன். துடைக்கத்தான் உள்ள விட்டாங்க, ஒருநாளும் உட்காருன்னு சொன்னதில்ல. என் வீட்ல அப்படி ஒரு தரையில நான் உட்காரக் கூடாதா?"

சமூகவியலில் முதுகலை படித்த எனக்குப் பதில் வரவில்லை.

எங்கள் தெருக் கொத்தனார், எனக்குப் பெரியப்பா முறை, இடையில் புகுந்தார். "டைல்ஸா சிமெண்டான்னு அப்புறம் பேசலாம் பாப்பா. 2015 வெள்ளம் எதுவரைக்கும் நின்னுச்சு, அதைக் காட்டு." சுவரில் கறை இன்னும் இருந்தது. காட்டினேன். வாசலில் சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், எங்கள் தரை சாலையைவிடத் தாழ்ந்து கிடந்தது.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நயமான மண் நீரை மேலே இழுக்கும், மேலே எதை ஒட்டினாலும் ஓதம் நிற்காது என்று விளக்கினார். அதனால் பேஸ்மட்டத்தை வெள்ளக் கறைக்கு அரை அடி மேலே ஏற்றினோம். நிரப்பிய மண்ணை நன்றாகத் திமிசு போட்டு, அதன்மேல் தூசியில்லாத முக்கால் ஜல்லி. ஜல்லியின் இடைவெளி பெரிது, நீர் ஏறாது. அது குத்திக் கிழிக்காதபடி கொஞ்சம் மணல், அதன்மேல் தடித்த பாலிதீன் ஷீட், பிறகு கான்கிரீட். சுவர்களிலும் பேஸ்மட்ட மட்டத்தில் ஓதத் தடுப்புப் பூச்சு. பணத்தில் பெரும்பங்கு இப்படி மண்ணுக்கடியில் போனது.

அதன்பிறகுதான் மேல்தரை. ரெட் ஆக்சைடு மலிவு, இணைப்பு இல்லாதது, ஆனால் கைதேர்ந்தவர் போட்டு ஒரு வாரமாவது நீர் கட்ட வேண்டும், அடித்தளம் இறங்கினால் வெடிக்கும். கடப்பைக் கல் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் தாங்கும். சுண்ணாம்புக்கல் இனம் என்பதால் எலுமிச்சையும் புளியும் பட்டால் தடம் விழும். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூட நீர் உறிஞ்சாது, ஆனால் ஈரம் பட்டால் வழுக்கும். நடுவிலும் மூலையிலும் மட்டும் கலவை வைத்து ஒட்டினால் அடியில் பொள்ளலாகி, குழவி விழுந்தாலே உடையும். முழுப் பரப்பிலும் கலவை இருக்கிறதா என்று தட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியில் கூடத்துக்கு அம்மா கேட்ட டைல்ஸ், அடுப்படிக்குக் கடப்பை, குளியலறைக்கும் வாசலுக்கும் சொரசொரப்பான டைல்ஸ். கூட வாசலில் தடித்த மிதியடி ஒன்று. அடுத்த மழையில் பாய் நனையவில்லை. அம்மா கூடத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

தோழர்களே, 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் முதலில் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்குமான திட்டம். 2016இல் அதன் இடத்துக்கு வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டம் சமவெளியில் 1,20,000 ரூபாய் என்று தொகை வைத்தது. மேட்டு நிலத்தில் கட்டினாலும் பள்ளத்தில் கட்டினாலும் அதே தொகைதான். ஊர் மேட்டில் இருக்க, நமக்குப் பள்ளத்தை ஒதுக்கியது சாதி. அந்தப் பள்ளத்தை நிரப்பும் செலவு நம் தலையில் விழுகிறது. தரைக்கு வரும்போது காசு தீர்ந்துபோகிறது. "பராமரிக்கத் தெரியாதவர்கள்" என்ற பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் காலனியில் வீடு வீடாகப் போங்கள். சாலைக்கும் தரைக்கும் எவ்வளவு, வெள்ளக் கறைக்கும் தரைக்கும் எவ்வளவு என்று குறியுங்கள். பேஸ்மட்டம் உயர்த்தத் தனித் தொகை கேளுங்கள், சாலையைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். அந்த அளவுகளைத் தீர்மானத்தில் எண்ணாகவே எழுத வையுங்கள்.