கழுத்தில் விழுந்த கோடு

தீபாவளி லீவுக்குச் சோழவந்தான் சித்தி வீட்டில் நாலு நாள். மதுரை திரும்பிய மறுநாள் காலையில் மகள் கழுத்தில் சாட்டையடி பட்ட மாதிரி சிவந்த கோடு, ஓரத்தில் பொடிப்பொடியாய் நீர்க்கொப்புளம். முழங்கை மடிப்பில் மேலும் கீழும் அச்செடுத்தாற்போல் ஒரே புண். எரியுதுன்னு அழுதாள்.

"அக்கிதான்ப்பா, வேளார் வீட்டுல காவி எழுதிட்டு வந்துரு"ன்னு அத்தை சொன்னாங்க. எனக்குப் பட்டாசு மருந்து மேல சந்தேகம்.

தோல் டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "வயல் பக்கமா? டியூப்லைட் எரிஞ்சுச்சா?"

சட்டென ஞாபகம் வந்தது. மழை விட்ட ராத்திரி, லைட்டைச் சுற்றி எறும்பு மாதிரி ஆரஞ்சும் கறுப்புமாய்ப் பூச்சிகள். பீடரஸ் வண்டு. கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் நசுங்கினால் அதன் உடம்பிலுள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் படும். கொப்புளம் கிளம்ப 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதனால்தான் ஊர் திரும்பிய பிறகு தெரிந்திருக்கிறது. கையை மடக்கியதில் எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கொண்டது.

நெல்லைக் கெடுக்கும் தத்துப்பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சி அது. மேலே ஏறினால் அடிச்சிராதீங்க, ஊதி விடுங்க. நசுங்கிட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்க.

புண் ஆறிவிட்டது. கோடு மட்டும் இன்னும் கறுப்பாய்த் தெரிகிறது.