மேல்தட்டில் உறங்கும் பிள்ளை

விரித்தால் படுக்கை, சுருட்டினால் கூடம் என்று பன்பாயோடு வாழ்ந்த காலத்தில், பிள்ளை உறக்கத்தில் எத்தனை முறை உருண்டாலும் கேடில்லை; விழுவதற்குப் பள்ளமேது? இன்று வரிப்பத்தான்சேனையிலும் கட்டில் இல்லாத வீடு அரிது. இப்பொழுது ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த அடுக்குக் கட்டிலையும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கேட்பதில் நியாயமும் உண்டு. பத்து வயதானதும் பிள்ளைகளின் படுக்கைகளைப் பிரித்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நம் உம்மாமார் மறப்பதில்லை. அறைகளோ இரண்டு, பிள்ளைகளோ மூவர், நால்வர். தரையில் இடம் போதாதபோது மேலே ஏறத்தானே வேண்டும்? வளைகுடா நாடுகளில் உழைத்து மீண்ட வாப்பாமாருக்கும் இக்கட்டில் புதிதன்று. தொழிலாளர் விடுதிகளில் ஆண்டுக்கணக்காக அதிலே துயின்றவர்கள் பலர். ஆயினும் அங்கே துயின்றவர் வளர்ந்த ஆடவர். இங்கே துயிலப்போவதோ கனவிலும் பந்து உதைக்கும் பாலகன்.

ஆகவே, கட்டில் வாங்கப் புறப்படுவோர் மெருகையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் அளவுநாடாவைக் கையில் எடுக்க வேண்டுமென்பதே எமது கருத்து. முதலில் அளக்க வேண்டியது மேல்தட்டின் தடுப்புச் சட்டத்தை. தடுப்பில்லாத கூரைமேல் உறங்குவதை நபியவர்கள் தடுத்ததாக ஹதீஸ் நூல்களிலே காண்கிறோம். மேல்தட்டும் ஒரு சிறு கூரைதானே! அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டவிதி, அச்சட்டம் மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டுமென்கிறது. மெத்தையின் மேற்பரப்பிலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். கடையில் வெறும் பலகையிலிருந்து பார்க்கையில் உயரமாகத் தோன்றும் சட்டம், வீட்டில் பருத்த மெத்தையொன்றைப் போட்டவுடன் பாதியாகிவிடும். பிள்ளை சுகமாய் உறங்கட்டும் என்று தடித்த மெத்தையைத் தேடும் அன்பே இங்கு ஆபத்தாகிறது.

சுவரோடு ஒட்டிய பக்கத்திற்குத் தடுப்பு எதற்கு என்று பலர் கேட்பர். கட்டில் நாளடைவில் நகரும். சுவருக்கும் மெத்தைக்குமிடையே இடைவெளி விழும். விழுவதைக் காட்டிலும் கொடியது அவ்விடைவெளியில் சிக்குவது. உடல் நுழைந்துவிடும், தலை நுழையாது. பிள்ளை கழுத்தில் தொங்கும். குரலெழுப்பவும் இயலாது. இதனாலேயே அவ்விதி சட்டங்களுக்கிடையிலான இடைவெளி மூன்றரை அங்குலத்திற்கு மேற்படலாகாது என்கிறது. சுவர்ப் பக்கத்துத் தடுப்பு இடையில் விடுபடாமல் செல்ல வேண்டுமென்றும் கூறுகிறது.

ஆறு வயது நிரம்பாத பிள்ளையை மேலே படுக்க வைக்கலாகாது. வீட்டில் நிகழ்வதோ வேறு. மேல்தட்டுக்காக நானாவும் தம்பியும் வழக்காடுவர். அழுது வெல்பவன் தம்பி. இவ்வழக்கில் உம்மா சற்றே கல்நெஞ்சுக்காரியாக இருப்பது நன்று.

நம் பகுதிக்கே உரிய சங்கடங்கள் சில உண்டு. அறையின் நடுவே சுழலும் மின்விசிறி, மேல்தட்டில் எழுந்து நிற்கும் பிள்ளையின் கைக்கு எட்டும். அது எட்டாத மூலையில் கட்டிலை இடவேண்டும். இடமில்லையேல் விசிறியைச் சுவருக்கு மாற்ற வேண்டும். நுளம்பு வலையின் கயிறு மேல்தட்டிலிருந்து தொங்கினால் அதுவும் கழுத்துக்குச் சுருக்காகலாம். கச்சான் வீசும் மாதங்களில் தகரத்தின் கீழும் சீற்றின் கீழும் மேல்தட்டு அடுப்பாகக் கொதிக்கும். அந்நாட்களில் எல்லோரும் பாய்க்குத் திரும்புவதில் வெட்கமொன்றுமில்லை.

கடைக் கட்டிலைவிட ஊர் ஓடாவியாரிடம் சொல்லிச் செய்விப்பதையே நாம் விரும்புகிறோம். அளவு நம் கையில் இருக்கும். மெத்தையை முன்னதாக வாங்கி அவரெதிரே வைத்து, அதன் மேலிருந்து அளந்து தடுப்பை அடிக்கச் சொல்ல வேண்டும். ஏணியை ஆணியால் அறைவதை விட்டு, போல்ட்டும் நட்டும் இட்டுப் பிணைக்கச் சொல்ல வேண்டும். கச்சானில் மரம் காய்ந்து சுருங்கும், பிணைப்புகள் தளரும். மாரி தொடங்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் ஓய்ந்திருக்கும் வேளையில், வாப்பா அவற்றை ஒருமுறை இறுக்கிவிடலாம்.