தம்பியும் சுடுகாட்டு மல்லியும்



காலாண்டுத் தேர்வில் உயிரியலில் எனக்கு ஒரு மதிப்பெண் போச்சு. மெட்டாபேஸ் நிலையில் மனித செல்லில் எத்தனை குரோமேட்டிடுகள் என்ற கேள்விக்கு 46 என்று எழுதிவிட்டேன். மிஸ் சிவப்பு மையில் அடித்து 92 என்று போட்டிருந்தார். அந்தப் பாடம் நடந்த வாரம் நான் பள்ளிக்கே வரவில்லை. மூன்றாவது படிக்கும் என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை. அம்மாவுக்குத் துணையாக நான்தான் போனேன்.

வாரம் ஒருமுறை அவனுக்கு வின்கிறிஸ்டின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். "இது எதுல இருந்து வருது தெரியுமா?" என்று நர்ஸ் அக்கா கேட்டார். நித்தியகல்யாணியாம்! நம்ம ஊரில் சுடுகாட்டு மல்லி என்கிறோமே, ஏரிக்கரையில் கேட்பாரில்லாமல் ரோஸ் கலரில் பூத்துக் கிடக்குமே, அதேதான். 1963-ல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்ததாம். ஒரு கிராம் எடுக்கவே பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும்.

திரும்பி வந்ததும் மிஸ்ஸிடம் கேட்டேன். எனக்காக அந்தப் பாடத்தை மறுபடி நடத்தினார். செல் பிரிவதற்கு முன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போலவே ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். இரண்டும் சென்ட்ரோமியரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒவ்வொன்றும் ஒரு குரோமேட்டிட். (46 பேர், ஆளுக்கு ரெண்டு, ஆக 92. இனி மறக்க மாட்டேன்!) மெட்டாபேஸில் எல்லாம் நடுவில் வரிசையாக நிற்கும். இரண்டு பக்கமிருந்தும் கதிர்கோல் இழைகள் வந்து பிடித்துக்கொள்ளும். அனாபேஸில் ஜோடி பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். இரண்டு புது செல்லுக்கும் 46, 46.

வின்கிறிஸ்டின் அந்த இழைகளையே உருவாக விடாது. குரோமேட்டிடுகள் பிரிய வழியில்லாமல் அப்படியே நிற்கும். புற்றுநோய் செல் பெருக முடியாமல் செத்துப்போகும்.

"அப்ப முடி ஏன் மிஸ் கொட்டுது?" என்றேன். முடியின் வேரில் இருக்கும் செல்களும் வேகமாகப் பிரிகிறவை. நல்ல செல் எது, கெட்ட செல் எது என்று மருந்துக்குத் தெரியாதாம். அந்த இழைகள் நுண்குழல்களால் ஆனவை. நரம்பு செல்லுக்குள்ளும் அதே நுண்குழல்கள் இருப்பதால் கால் மரத்துப் போகும் என்றும் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதெல்லாம் "அக்கா, காலு மரத்துப் போச்சு, தூக்கிக்கோ" என்பான். நடிக்கிறான் என்று நினைத்து எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! ஒருநாள் நடுரோட்டில் கையை உதறிவிட்டு முன்னால் போயிட்டேன். அவன் அழவில்லை, மெதுவா வந்தான்.

பக்கத்து வீட்டு அத்தை, "செடிதான் இங்கயே இருக்கே, இலையை அரைச்சுக் குடு" என்றார். டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றார். இலை விஷம், மருந்தை அளவு பார்த்து ரத்தக்குழாயில்தான் ஏற்றணும்.

இப்போது தம்பிக்கு முடி முளைத்துவிட்டது. சிகிச்சை இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நான் ஒரு நித்தியகல்யாணிச் செடி கொண்டுவந்தேன். "சுடுகாட்டுச் செடியை வாசல்ல வைக்காதேடி" என்று பாட்டி ஒரே சத்தம். கிணற்றடியில் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றுவது தம்பி.

- பதினோராம் வகுப்பு மாணவி