ஏற்காட்டில் இருபது வளைவு... லினக்ஸில் ஒரு கோடு!

ஏற்காடு போறீங்களா? போட்டோ எடுங்க, படகு விடுங்க, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி சாப்பிடுங்க... யார் வேணாம்னாங்க! கூடவே ஒரு சின்ன வேலை. நீங்க போன பாதையை அப்படியே பிடிச்சுட்டு வாங்க. கையில ஒரு போன், வீட்டுல லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், இவ்வளவுதான் மூலதனம். (என்னுடையது அக்காவுக்கு ஸ்கூலில் கிடைத்த அரசு லேப்டாப். ஆமா, இன்னும் ஓடுது!)

கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டு வைஃபையில் 'ஓஎஸ்எம் ஆண்ட்' என்ற ஆப்பையும், அதற்குள் தமிழ்நாட்டு மேப்பையும் இறக்கிக்கோங்க. மலையில் டவர் வரும், போகும். ஆனா ஜிபிஎஸ்ஸுக்கு டவரும் வேணாம், நெட்டும் வேணாம். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுத்துற சாட்டிலைட்டுகள் நேரத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கும். நாலு சாட்டிலைட்டின் சிக்னல் கிடைச்சா, எது எவ்வளவு தாமதமா வந்து சேருதுன்னு பார்த்து, போனே தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கும்.

அஸ்தம்பட்டி தாண்டி அடிவாரம் வந்ததும் பதிவு பட்டனைத் தட்டிட்டு, போனை பாக்கெட்டில் போட்டுடுங்க. இனி 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போக சேலத்து வெயில் கீழேயே நின்னுடும். சில்வர் ஓக் மரங்கள், அதைக் கட்டிப்பிடிச்சு ஏறும் மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் கொண்டு வந்து நட்ட காபி இது. ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் உங்களுக்கே தெரியும். நேரா சேர்வராயன் கோயிலுக்கு வாங்க. குகைக்குள்ள குனிஞ்சு போய் சேர்வராயரையும் காவேரியம்மனையும் கும்பிட்டுட்டு, வெளியே வந்து போனில் உயரத்தைப் பாருங்க.

இங்கேதான் வேடிக்கை. கோயில் இருக்கும் இடம் சுமார் 1,620 மீட்டர். பல போன்களில் 1,530-ஐ ஒட்டிக் காட்டும். போன் ரிப்பேர் இல்லை பாஸ்! ஜிபிஎஸ் பூமியை வழவழன்னு ஒரு நீள்கோளமா நினைச்சு, அதிலிருந்து உயரத்தை அளக்குது. நிஜக் கடல் மட்டம் அப்படி வழவழப்பா இல்லை. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் ஒரு இடத்தில் மேடு, ஒரு இடத்தில் பள்ளம். உலகத்திலேயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, சுமார் 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் சரிவு நம்ம ஊர் வரைக்கும் நீளுது. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 90 மீட்டர் வித்தியாசம் வருவது அதனால்தான். ஆப்பில் உயரத் திருத்தம் இருக்கு, போட்டுட்டா சரியாகிடும்.

வீட்டுக்கு வந்தாச்சா? போனில் இருக்கும் ஜிபிஎக்ஸ் ஃபைலை லேப்டாப்புக்கு மாத்துங்க. லினக்ஸில் மேப் சாஃப்ட்வேர்னு தேடினா முதலில் 'க்யூஜிஐஎஸ்' வந்து நிற்கும். பிரமாதமான சாஃப்ட்வேர்தான். ஆனா புதுசா வர்றவங்களுக்கு அது, சைக்கிள் கேட்டவனுக்கு லாரி கொடுத்த கதை. நான் கை காட்டுவது 'ஜிபிஎஸ்ப்ரூன்'. உபுண்டுவில் ஒரே வரியில் இன்ஸ்டால் ஆகும். ஃபைலைத் திறந்தால் மேலே மேப், கீழே மலை ஏறின மாதிரியே ஒரு வரைபடம். 20 வளைவுகளும் பிழிஞ்சு விட்ட முறுக்கு மாதிரி தெரியும்! டீ குடிக்க நின்ன இடத்தில் மட்டும் நூல்கண்டு சிக்கின மாதிரி கிறுக்கல். பாறையில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் செய்யும் சேட்டை அது. அந்தப் புள்ளிகளை அழிச்சுடலாம். வீட்டு வாசலிலிருந்தே பதிவு ஓடியிருந்தா அந்தப் பகுதியையும் வெட்டிடுங்க. உங்க வீடு எதுன்னு ஊருக்குத் தெரிய வேணாமே. 'வைக்கிங்'கும் இதே ரகம்தான். 'மார்பிள்' தம்பி தங்கச்சிகள் சுத்தி விளையாட ஒரு உருண்டை பூமி.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக்குத்தானா? இல்லை. கோயில் பக்கம் டீக்கடை வச்சிருக்கும் அண்ணன் ஒருத்தர் சொன்னது இது: அவங்க மலைக்கிராமத்துக்குப் போகும் பாதை எந்த போனிலும் தெரியாதாம். பிரசவத்துக்கு வண்டி கூப்பிட்டால், முதல் வேலையா மெயின் ரோட்டில் ஒரு ஆளை டார்ச்சோடு நிறுத்துவாங்களாம். சுற்றுலாப் பயணி போகாத பாதையை வரைய யாருக்கு அவசரம்?

அவரையே கூட்டிக்கிட்டு அந்தப் பாதையில் நடந்தேன். நாற்பது நிமிஷம். அந்தக் கோடு இப்போ 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'பில் இருக்கு. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய உலக மேப் இது. விக்கிபீடியா மாதிரி யார் வேணும்னாலும் திருத்தலாம். அதில் இருக்கும் 'ஐடி' எடிட்டர் பிரவுசரிலேயே ஓடும் என்பதால் லினக்ஸா, விண்டோஸானு அது கேட்காது. ஜிபிஎக்ஸ் ஃபைலை இழுத்து அதன் மேல் போட்டால் நீங்க நடந்த கோடு தெரியும். அதைப் பார்த்துப் பாதையை வரைஞ்சுடலாம். கை பழகினதும் 'ஜோசம்' பக்கம் போகலாம். ஒரே கண்டிஷன், வேற மேப்பைப் பார்த்து காப்பி அடிக்கக் கூடாது. பரீட்சை ஹால் ரூல்தான்!

வில்லியம் லாம்ப்டன் 1802-ல் சென்னை பரங்கிமலையிலிருந்து இந்தியாவை அளக்கத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள கருவியை ஆட்கள் மலை மலையாச் சுமந்தாங்க. அவருடைய பெரிய அளவைக் கோடு போனது 78-ஆவது தீர்க்கரேகையை ஒட்டி. நம்ம ஏற்காடு இருப்பது 78.2-ல். உங்க பாக்கெட்டில் இருப்பதோ இருநூறு கிராம்.

ஊர்ப் பெயரை எழுதும்போது மட்டும் நிதானம். சேர்வராயன், செர்வராயன்னு பலகைக்குப் பலகை மாறுது. சின்ன ஊர்ன்னா அங்கே இருக்கிற பாட்டிகள் எப்படிக் கூப்பிடுறாங்களோ, அதைத் தமிழிலேயே எழுதுங்க. அதுக்குத் தனி இடம் இருக்கு.

இறங்கும்போது குப்பனூர் வழியைப் பிடிங்க. ரெண்டாவது கோடு ஃப்ரீ!